தோலுக்குள் போய்வரும் வெளிச்சம்

1971-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கூரோ, தன் மனைவி சில்வியின் முகத்தில் கோடு கிழித்தார். நெற்றி, கன்னம், தாடை என்று முகம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். அந்த முகத்தைப் படம் பிடித்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளின் இடத்தை எல்லாம் எண்களாக்கிக் கணினிக்குக் கொடுத்தார். திரையில் சில்வி வந்தார். ஆனால் பட்டை தீட்டிய கல்லைப்போல, ஒவ்வொரு கட்டமும் தனித்தனித் தகடாகத் தெரிந்தது.

கூரோ கண்ட தீர்வு எளிமையானது. ஒரு தகடு முழுவதற்கும் ஒரே நிறம் பூசாமல், அதன் மூலைகளில் மட்டும் வெளிச்சத்தைக் கணக்கிட்டார். இடைப்பட்ட பரப்பில் ஒரு மூலையின் நிறம் மெல்ல மெல்ல அடுத்த மூலையின் நிறமாக மாறும்படி நிரப்பினார். பட்டைகள் மறைந்து கன்னம் கன்னமாக வளைந்தது. முப்பரிமாண மென்பொருள்களில் அந்த முறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அதே யூட்டாவில் அடுத்து வந்தவர் ஹனோயில் பிறந்த பூய் துவோங் போங். கூரோவின் முகத்தில் பளபளப்பு சரியாக விழவில்லை என்பது அவர் கண்ட குறை. ஒளி எந்தக் கோணத்தில் வந்து எந்தக் கோணத்தில் தெறிக்கிறது என்பதை மூலைகளில் மட்டுமின்றித் திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் கணக்கிடும் வழியை அவர் கொடுத்தார். அந்தக் கட்டுரை 1975-இல் வெளியானது. அதே ஆண்டு இரத்தப் புற்றுநோயால் அவர் இறந்தார். அப்போது வயது 32. அவருக்குப் பிறகு வந்த கணினி விளையாட்டுகளிலும் படங்களிலும் எத்தனையோ உருவங்கள் அவருடைய சமன்பாட்டால் மினுங்கின.

ஆனாலும் முகம் முகமாகவில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கணினி வரைந்த மனிதர்கள் எல்லாரும் பிளாஸ்டிக் பொம்மைகளாகவே இருந்தார்கள். தகடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், தோலின் புகைப்படத்தையே எடுத்து முகத்தின்மேல் ஒட்டினார்கள். பிளாஸ்டிக் பொம்மைமேல் தோல் அச்சிட்ட காகிதத்தை ஒட்டியதுபோல் ஆனதே தவிர, உயிர் வரவில்லை.

இருட்டறையில் கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு விரல்களால் மூடிப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். விரல்கள் உள்ளிருந்து சிவப்பாக ஒளிரும். வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும் குழந்தையின் காதுமடல் செம்பருத்தி இதழ்போலச் சிவப்பதும் இதே காரணத்தால்தான். ஒளி தோலில் பட்டு அப்படியே திரும்புவதில்லை. உள்ளே போய்வருகிறது.

நேராக விழும் ஒளியில் சுமார் 3 சதவீதம்தான் தோலின் மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்புகிறது. மூக்கு நுனியிலும் நெற்றியிலும் நாம் பார்க்கும் மினுமினுப்பு அதுதான். மீதி முழுவதும் உள்ளே நுழைகிறது. அங்கே கொலாஜன் இழைகளில் மோதி மோதித் திசை மாறுகிறது. மெலனின் கொஞ்சத்தை விழுங்குகிறது, இரத்தத்தின் ஹீமோகுளோபின் கொஞ்சத்தை விழுங்குகிறது. எஞ்சியது, நுழைந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வெளியே வருகிறது. ஹீமோகுளோபினுக்கு நீலமும் பச்சையும்தான் முக்கிய இரை. சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் பரவுகிறது, நீலம் நுழைந்த இடத்தை ஒட்டியே முடிந்துபோகிறது. மூக்கின் நிழல் கன்னத்தில் விழும் விளிம்பில் ஒரு மெல்லிய செம்மை படர்ந்திருப்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டிருக்கலாம். நீலம் போய் முடிந்த இடத்தைத் தாண்டிச் சிவப்பு கசிவதால் வரும் செம்மை அது.

முகத்தில் இருப்பவை ஆக இரண்டு வெளிச்சங்கள். ஒன்று மேலே தெறிப்பது, மற்றது உள்ளே போய்வருவது. கூரோவும் போங்கும் கட்டிய கணக்கில் ஒளி விழுந்த புள்ளியிலிருந்தே திரும்பியது. இரண்டாவது வெளிச்சத்துக்கு அதில் இடமே இல்லை.

அந்த இடத்தைத் திறந்துவிட்ட கட்டுரை 2001-இல் வந்தது. எழுதியவர்கள் ஹென்ரிக் வான் யென்சன், ஸ்டீபன் மார்ஷ்னர், மார்க் லெவாய், பாட் ஹன்ரஹான். அவர்கள் ஒளியியல் அளவுகளைத் தொகுத்துக் கொடுத்த பொருள்களின் பட்டியலைப் படித்தால் சமையலறைச் சாமான் கணக்கு போலிருக்கும்: ஆப்பிள், கோழி இறைச்சி, கிரீம், கெட்சப், உருளைக்கிழங்கு, கொழுப்பு நீக்கிய பால், கொழுப்புள்ள பால். கூடவே சலவைக்கல்லும் மனிதத் தோலும். இவை அனைத்தும் ஒளியை உள்ளே வாங்கித் திருப்பித் தருபவை. பழைய முறையில் வரைந்த ஒரு குவளைப் பாலையும் புதிய முறையில் வரைந்ததையும் அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். பழையது வெள்ளைப் பெயின்ட்டாகத் தெரிந்தது. புதியது பால்.

உள்ளே நடக்கும் கோடிக்கணக்கான மோதல்களையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர அன்றைய கணினிகளால் ஆகாது. நால்வரும் ஒரு குறுக்குவழியைப் பயன்படுத்தினார்கள். பலமுறை சிதறிய ஒளிக்குத் தான் எந்தத் திசையிலிருந்து வந்தோம் என்பது மறந்துபோகும். எவ்வளவு தூரம் பரவினோம் என்பது மட்டுமே எஞ்சும். அதனால் தோலுக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு கற்பனை விளக்குகளை வைத்து, பரவலை ஒரே சமன்பாட்டில் அடக்கிவிடலாம். முப்பரிமாணக் கலைஞர்கள் இன்று எஸ்.எஸ்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங் திரைப்படக் கூடங்களுக்குள் வந்த வழி இதுதான்.

வந்த வேகம் வியப்பானது. 2002 நவம்பரில் ஹாரி பாட்டர் வரிசையின் இரண்டாம் படத்தில், கணினியில் செய்த பாத்திரமான டாபி வந்தான். டிசம்பரில் 'தி டூ டவர்ஸ்' படத்தில் அதேபோன்ற இன்னொரு பாத்திரமான கொல்லும் (Gollum) வந்தான். குகையிலேயே கிடந்து வெளிறிய அந்த உடம்பில் நரம்பும் எலும்பும் தோலுக்கு அடியில் இருப்பதாகப் பார்வையாளர்கள் நம்பினார்கள். கொல்லுமாக நடித்த ஆண்டி செர்கிஸின் நடிப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு; காதுமடலில் கசிந்த வெளிச்சத்துக்கும் உண்டு. அடுத்த ஆண்டு 'தி மேட்ரிக்ஸ் ரீலோடட்' படத்துக்காக ஜார்ஜ் போர்ஷுகோவும் ஜே.பி. லூயிஸும் இன்னும் சிக்கனமான வழி கண்டார்கள். முகத்தில் விழும் வெளிச்சத்தை ஒரு தட்டைப் படமாக விரித்து, அந்தப் படத்தையே கலங்கலாக்கினார்கள், சிவப்பை அதிகமாகவும் மற்ற நிறங்களைக் குறைவாகவும். 2004-இல் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருதுகளில் இரண்டு இந்த ஒரே விஷயத்துக்குப் போயின. ஒன்று யென்சன், மார்ஷ்னர், ஹன்ரஹான் மூவருக்கு. மற்றொன்று அதைப் படங்களில் நடைமுறைப்படுத்திய கிறிஸ்டோஃப் ஹெரி, கென் மெக்காவ், ஜோ லெட்டேரி மூவருக்கு.

இனி, இன்று ஒரு முகத்தைச் செய்யும் கலைஞரின் மேசைக்கு வரலாம்.

அவர் முன்னால் ஒரு மானிட்டர், ஒரு பேனா டேப்லெட், ஒரு கோப்பு நிறைய உண்மை முகங்களின் புகைப்படங்கள். ஓஃபர் ஆலோன் உருவாக்கிய இசட்பிரஷ் போன்ற மென்பொருளிலோ இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரிலோ களிமண்ணைப் பிடிப்பதுபோல் முகத்தைப் பிடிக்கத் தொடங்குகிறார். முதலில் சில ஆயிரம் தகடுகள் போதும். எட்வின் கேட்மல்லும் ஜிம் கிளார்க்கும் 1978-இல் சொன்ன முறைப்படி, ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் ஒரு தகடு நான்காகும். 20,000 தகடுகளில் தொடங்கி ஐந்து முறை பிரித்தால் 2 கோடியைத் தாண்டிவிடும். முகச்சுருக்கமும் மயிர்க்கால் துளையும் செதுக்க அவ்வளவு வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மண்டையோட்டின் வடிவம் அமைவதற்கு முன்பே துளைகளைக் குத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். அதிலும் ஒரே அச்சை முகம் முழுக்க உருட்டிவிடுகிறார்கள். உண்மை முகத்தில் மூக்கின் மயிர்க்கால் துளை வேறு, கன்னத்துத் துளை வேறு. கன்னத்தில் அவை தோல் இழுபடும் திசையில் நீண்டிருக்கும்; நெற்றியில் குறுக்குவரிகளுக்கு இடையே சிதறியிருக்கும்; உதட்டுக்கு அருகே வரிகள் செங்குத்தாகத் திரும்பும். இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கவும் கூடாது. மென்பொருளில் ஒரு பக்கம் செதுக்கினால் மறுபக்கமும் தானாகச் செதுக்கும் வசதி உண்டு. நல்ல கலைஞர் ஒரு கட்டத்தில் அதை அணைத்துவிடுவார். ஒரு புருவம் சற்று ஏறி, ஒரு கண் சற்று இடுங்கும்போதுதான் அந்த முகத்துக்கு ஒரு வரலாறு வருகிறது.

செதுக்கிய இரண்டு கோடித் தகடுகளை அப்படியே அசைக்க முடியாது. அதனால் மேலே எளிய வலை ஒன்றைப் பின்னி, நுண்விவரங்களை ஒரு படத்தில் பதித்து அதன்மேல் போர்த்துவார்கள். அந்தப் படத்தின் அகலம் 4096 புள்ளிகள் என்றும், காதிலிருந்து காதுவரை விரித்த முகம் 30 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 0.07 மில்லிமீட்டர். துளைகளுக்கு அது தாங்கும், துளைகளுக்கு நடுவே ஓடும் நுண்வரிகளுக்குத் தாங்காது. பெரிய படங்களில் ஒரே முகத்தைப் பல துண்டுகளாக விரித்து, துண்டுக்கு ஒரு படம் கொடுப்பது அதனால்தான்.

அடுத்த தவறு இன்னும் விசித்திரமானது. எல்லாம் சரியாகச் செய்து எஸ்.எஸ்.எஸ்.ஸைப் போட்டவுடன் முகம் மெழுகுவர்த்தியாகிவிடும். உருவத்தின் அளவைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒளி தோலுக்குள் பரவும் தூரம் உண்மையான மில்லிமீட்டர்களில் இருக்கிறது. ஆறடி மனிதனை மென்பொருளுக்குள் ஆறு அங்குலப் பொம்மையாகச் செய்துவிட்டால், அதே சில மில்லிமீட்டர்களில் மூக்கையே ஒளி ஊடுருவிவிடும். பரப்பின்மேல் ஒளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் நிரல்தான் ஷேடர். பிளெண்டரின் பொதுவான ஷேடரில் சிவப்பு, பச்சை, நீலத்தின் பரவல் தூரத்துக்கு 1.0, 0.2, 0.1 என்ற விகிதம் முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். நீலத்தைவிடச் சிவப்புக்குப் பத்து மடங்கு. விகிதம் சரியாக இருந்தும் அளவு தவறினால் பயனில்லை.

கண்ணுக்கு ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். கண் வெறும் உருண்டை இல்லை. முன்னால் கார்னியா சற்றுப் புடைத்திருக்கும், அதன் வழியே நுழையும் ஒளி வளைந்து விளக்குக்கு எதிர்ப்புறக் கருவிழியில் ஒரு வெளிச்சக் கீற்றை விழவைக்கும். வெண்விழி சுத்த வெள்ளையாக இருக்காது. கீழிமையும் விழியும் தொடும் கோட்டில் கண்ணீரின் மெல்லிய ஈரவரை ஓடும். அந்த ஈரவரையை விட்டுவிட்டால் பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. பிணத்தைப் பார்த்ததுபோல் மட்டும் இருக்கும்.

ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இலேயே இந்த உணர்வை விவரித்தார். செயற்கை உருவம் மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துக்கொண்டே போகிறது. மிக நெருங்கியபின் ஓரிடத்தில் திடீரென்று அருவருப்பாகச் சரிகிறது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014-இல் வெளிவந்த 'கோச்சடையான்', நடிகர்களின் அசைவுகளைப் பதிவு செய்து முழுக்க முப்பரிமாண உருவங்களால் கட்டிய தமிழ்ப் படம். துணிச்சலான முயற்சி. ஆனால் ரஜினிகாந்தின் முகம் தமிழர்களுக்கு நாற்பது ஆண்டுகளாக மனப்பாடம். அறிமுகமற்ற ஒரு முகத்துக்குக் கண் கொடுக்கும் சலுகையை அந்த முகத்துக்குக் கொடுக்காது. முகபாவங்கள் உறைந்திருப்பதாக வந்த விமர்சனங்களை இந்தப் பின்னணியில் வைத்துப் படிப்பதே நியாயம்.

இரண்டு வெளிச்சங்களையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பால் டெபெவெக். அவருடைய குழு கட்டிய லைட் ஸ்டேஜ் என்பது, சுற்றிலும் விளக்குகள் பதித்த ஒரு பெரிய கோளக்கூண்டு. நடுவில் ஆள் உட்கார வேண்டும். 2008-இல் நடிகை எமிலி ஓ'பிரையன் அதில் அமர்ந்து பல முகபாவங்களைக் காட்டினார். அந்தப் பதிவிலிருந்து உருவான 'டிஜிட்டல் எமிலி' இந்தத் துறையின் மைல்கல். விளக்குகளுக்கு முன்பும் கேமராவுக்கு முன்பும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு வடிகட்டிகளை வைப்பதுதான் இதில் இருந்த நுட்பம். மேற்பரப்பில் தெறிக்கும் ஒளி தன் அதிர்வுத் திசையை மாற்றிக்கொள்ளாது. உள்ளே போய்ச் சிதறிய ஒளி அதை இழந்துவிடும். வடிகட்டிகளைக் குறுக்காக வைத்தால் மினுமினுப்பு முழுவதும் மறைந்து, உள்ளிருந்து வந்த வெளிச்சம் மட்டும் படமாகும். இணையாக வைத்து எடுத்த படத்திலிருந்து அதைக் கழித்தால் மினுமினுப்பு மட்டும் மிஞ்சும். அந்த மினுமினுப்புப் படத்தில்தான் துளைகளும் நுண்வரிகளும் கூர்மையாகத் தெரிகின்றன, ஏனென்றால் அந்த ஒளி உள்ளே போய்க் கலங்கவே இல்லை.

படத்தைக் கணக்கிட்டு எடுக்கும் கடைசி வேலைதான் ரெண்டரிங். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளிக்கதிர்களைத் தற்செயலான திசைகளில் அனுப்பிச் சராசரி எடுப்பது இன்றைய வழக்கம். 3840-க்கு 2160 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில், புள்ளிக்கு 500 கதிர் என்றால் 415 கோடிக் கதிர்கள். குறைத்தால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெறிக்கும். அந்த மணலைப் பாதியாக்கக் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவால் மணலை நீக்கும் கருவிகள் மென்பொருளிலேயே வருகின்றன. நேரத்தை நிறையவே மிச்சப்படுத்துகின்றன. ஆனால் அளவுக்கு மீறி நம்பினால் நாள்கணக்கில் செதுக்கிய துளைகளையும் மணல் என்று எண்ணி வழித்துவிடும்.

தமிழ் வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று பாக்கியிருக்கிறது.

டாபி, கொல்லும், எமிலி என்று இந்த முறையின் மைல்கற்களாக வந்த முகங்கள் எல்லாம் வெளிர்ந்த தோல். பிக்ஸாரில் பணியாற்றிப் பின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரான தியோடர் கிம் 2020-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இதைக் கடுமையாகவே எழுதினார். உள்ளே கசியும் ஒளியே மனிதத் தோலின் அடையாளம் என்று இந்தத் துறை முடிவு செய்துகொண்டது, அது வெளிர்ந்த தோலின் அடையாளம் என்பது அவர் வாதம். இயற்பியல் அவர் பக்கம் நிற்கிறது. மெலனின் இருப்பது தோலின் மேலடுக்கில். முகத்தில் அதன் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. உள்ளே போகும் ஒளியும் வெளியே வரும் ஒளியும் அதைக் கடந்தாக வேண்டும், ஆக மெலனினுக்கு இரண்டு முறை வரி கட்ட வேண்டும். மேலே தெறிக்கும் 3 சதவீதம் மட்டும் கறுப்பிலும் வெளுப்பிலும் ஒன்றேதான். உள்ளிருந்து திரும்புவது ஒரு முகத்தில் நூற்றில் 50 பங்கு, இன்னொரு முகத்தில் 6 பங்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் முகத்தில் மினுமினுப்பு ஓர் ஓரச் சங்கதி. இரண்டாவதில் அது மொத்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தி வானத்தின் நீலமும் பக்கத்துச் சுவரின் மஞ்சளும் கருத்த கன்னத்தில் தெளிவாகத் தெரிவதும், கன்ன எலும்பின் வடிவை அந்த மினுக்கமே வரைந்து காட்டுவதும் இதனால்தான்.

வழி தெரியாமல் இல்லை. கிரெய்க் டோனரும் யென்சனும் 2006-லேயே மெலனின், ஹீமோகுளோபின், எண்ணெய்ப் பசை ஆகியவற்றின் அளவை மாற்றி வெவ்வேறு நிறத் தோல்களை வரையும் முறையை வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் கலைஞர்களின் கையில் பழக்கம் வேறாக இருக்கிறது. வெளிர்ந்த தோலுக்கு அமைத்த ஷேடரை எடுத்து, அதன்மேல் பழுப்பு நிறத்தைக் கூட்டிவிடுவது. கிடைப்பது கருத்த மனிதர் இல்லை, சாக்லேட் நிற மெழுகு. உள்ளங்கையும் முகமும் ஒரே நிறம், வியர்வைக்கு இடமில்லை, உதட்டின் நிறமாற்றம் இல்லை. தலைமயிரிலும் இதே கதைதான். நேரான மயிருக்கான கணக்குகள் பல பத்தாண்டுகளாக முதிர்ந்துவிட்டன. இறுகச் சுருண்ட மயிருக்கான வடிவியலைக் கிம் குழுவினர் வெளியிட்டது 2024-இல்.

கருத்த முகத்தைச் செய்யும் கலைஞருக்கு வேலையின் வரிசையே மாற வேண்டும். நிறத்தைத் தொடுவதற்கு முன் மினுமினுப்புப் படத்தில் உட்கார வேண்டும். நெற்றி எங்கே எண்ணெய் வழிகிறது, கன்னம் எங்கே வறண்டிருக்கிறது, மூக்கோரம் எவ்வளவு வழவழப்பு என்பதை அங்குலம் அங்குலமாக வரைய வேண்டும். கூரிய ஒற்றை விளக்குக்குப் பதில் ஜன்னல் போன்ற அகன்ற வெளிச்சத்தை வைக்க வேண்டும், முகத்தில் பிரதிபலிக்க ஏதாவது இருக்க வேண்டுமே. உள்ளே பரவும் ஒளியை விட்டுவிடவும் முடியாது. காதுமடலிலும் நாசியிலும் அது ஆழ்ந்த செம்பழுப்பாகக் கசியத்தான் செய்யும்.

இதற்கு லைட் ஸ்டேஜ் வாங்க வேண்டியதில்லை. பிளெண்டர் இலவசம். ஒரு மேசை விளக்கு, இரண்டு போலராய்டு தாள்கள், ஒரு கைபேசி கேமரா, இவ்வளவு இருந்தால் வீட்டிலேயே இரண்டு வெளிச்சங்களையும் பிரித்துவிடலாம். முகம் செய்யப் பழகும் தமிழ் இளைஞர்கள் அடுத்த பயிற்சிக்கு இணையத்தில் கிடைக்கும் ஆயத்த முகத்தை எடுக்காமல், தங்கள் அப்பத்தாவையோ தாத்தாவையோ இருட்டறையில் அந்த விளக்கின் முன் உட்காரவைத்து, வடிகட்டியைக் குறுக்காக ஒரு முறையும் இணையாக ஒரு முறையும் பிடித்துப் படமெடுக்கட்டும்.